அவர் மூடினால் திறக்காது

எங்கள் வீட்டுக்காரர் ஒரு டப்பாவை மூடினால் அதைத் திறக்க நான் இன்னொரு ஜென்மம் எடுத்து வர வேண்டும். தண்ணீர் பாட்டில், எண்ணெய்க் குப்பி, தலைவலித் தைலம், எதுவானாலும் இதே கதைதான். தைலத்தைத் திறந்து முடிப்பதற்குள் தலைவலி தானாகவே போய்விடும். குளியலறைக் குழாயை அவர் மூடிவிட்டு வந்தால், அடுத்துப் போகிறவள் துணியைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டும். போன மழைக்காலத்தில் அந்தக் குழாயின் தலை அவர் கையோடு வந்துவிட்டது. "பாட்டிலை மூடினீங்களா, சமாதி கட்டினீங்களா?" என்று கத்துவேன். அவர் பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

வேலை செய்யும் இடத்தில் அவருக்கு டமாரம் என்று பெயர். சத்தம் போடுகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ரோட்டையும் காங்கிரீட்டையும் உடைக்கிற மெஷின் இருக்கிறதே, இரண்டு கைப்பிடியைப் பிடித்து வயிற்றால் அழுத்திக்கொண்டு நிற்பார்களே, அதைப் பிடிக்கிறவர். மீசை சரியாக முளைக்காத வயதில் கல் சுமக்கப் போனார். ஒரு நாள் மெஷின்காரருக்கு உடம்பு சரியில்லை. "நீ கொஞ்சம் பிடிடா" என்று மேஸ்திரி கொடுத்தார். அந்தக் 'கொஞ்சம்' இன்னும் முடியவில்லை. எங்கள் கல்யாணம், மகள் பிறந்தது, அவளைக் கட்டிக்கொடுத்தது எல்லாமே அந்த மெஷினுக்கு நடுவில்தான் நடந்தன.

மெஷின் நாளெல்லாம் கத்துவதால் இவருக்கு வீட்டில் பேச ஒன்றும் மிச்சமில்லை என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடமாக நாங்கள் இருவரும் டிக்கெட் கவுன்டரில் பேசுவது போலத்தான் பேசிக்கொள்கிறோம். மோட்டார் போட்டாச்சா? போட்டாச்சு. கதவு சாத்தியாச்சா? சாத்தியாச்சு. எனக்கும் பழகிவிட்டது. பாட்டிலுக்காகக் கத்துகிறேனே, அது கோபம் இல்லை, வாய்ப்பழக்கம். கோபப்படக்கூட உள்ளே கொஞ்சம் ஈரம் வேண்டும். அது என்னிடம் இல்லை.

நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். புதுசு தைப்பதைவிட, பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவதும் இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பதும்தான் அதிகம். தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகை. கொட்டகையில் அவருடைய பழைய கார். ஒரு நாள் என்னிடம் வேலைச் சட்டைகளை மொத்தமாகக் கொண்டுவந்து போட்டு, "பட்டனை எடுத்துட்டு ஜிப் வச்சுடு" என்றார்.

"ஏன், நர்சரி ஸ்கூல்ல சேரப் போறீங்களா?"

"சீக்கிரம் போட்டுக்கலாம்ல."

வைத்துக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தேன். 

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனியில் அவரைக் கூப்பிட்டு, ஊருக்கு வெளியே புதிதாக ஆரம்பிக்கிற சைட்டுக்கு சூப்பர்வைசராகப் போகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். மெஷினைத் தொட வேண்டாம். தொப்பி போட்டுக்கொண்டு மற்றவர்களை வேலை வாங்கினால் போதும். ஒரே நிபந்தனை: அங்கே பஸ் கிடையாது, ஆட்கள் வருவதற்கு முன்னால் போய் கேட்டைத் திறக்க வேண்டும், அதனால் சொந்த வண்டி வேண்டும். திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆனால் மனசுக்குள் ஆமாம் ஆமாம் என்று அடித்துக்கொண்டது. அந்த மெஷின் அவரை விட்டு ஒழிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

கார்தான் சதி செய்தது. ஸ்டார்ட் செய்தால் மொத்த வண்டியும் உதறும், ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்கும். தெருமுனை மெக்கானிக் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பிளக் போச்சுண்ணே. நாலையும் மாத்தினா குதிரை மாதிரி ஓடும்" என்றான். ஸ்பேனரைப் போட்டு லேசாகத் திருகிப் பார்த்தான். கிறீச் என்று ஒரு சத்தம். சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

"எந்த மகராசன் போட்டான் இதை? வெல்டு வச்ச மாதிரி இருக்கு. பாதியில உடைஞ்சா உள்ளேயே மாட்டிக்கும். இன்ஜின் ஹெட்டைக் கழட்டணும், வண்டி வாரக்கணக்கில என் ஷெட்ல கிடக்கும். இந்த வில்லங்கம் எனக்கு வேண்டாம்ணே."

போட்ட மகராசன் பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானே எடுத்துக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தார். அவசரப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சைக்கிள் பம்பை வைத்து பிளக் இருக்கும் குழிகளில் காற்றடித்துத் தூசியை வெளியேற்றினார். துரு இளக்குகிற எண்ணெயைக் குழிக்குள் பீச்சிவிட்டு, ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு நீளமான ராட்செட் கைப்பிடியில் பிளக் சாக்கெட்டைக் கோத்து உள்ளே இறக்கினார். நான் ஜன்னலில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். முக்கும் சத்தம் கேட்டது. டக் என்று ஏதோ விட்டது. எட்டிப் பார்த்தேன். முதல் பிளக் முழுசாகவே வெளியே வந்திருந்தது. அவர் அதைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த குழிக்குக் குனிந்தார்.

துணி சிவப்பாக இருந்தது. இன்ஜின் மூடிமேலும் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. பாவாடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"என்னங்க, கையப் பாருங்க! ரத்தம்!"

அவர் நிமிர்ந்து இடது கையைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. அப்புறம்தான் வலது கையைத் திருப்பினார். பிளக் சட்டென்று விட்டபோது கை இரும்பில் போய் மோதியிருக்கிறது. மூன்று விரல் முட்டியிலும் தோல் உரிந்து தொங்கியது. யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஓ" என்றார். "பட்டுடுச்சு போல."

போலவா? நான் அவர் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினேன். முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை.  "அந்தப் பக்கம் பாருங்க" என்றேன். எதற்கு என்று கேட்காமல் தெருவைப் பார்த்தார். முந்தானையில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து அவர் ஆள்காட்டி விரல் நுனியில் குத்தினேன். ரத்தம் முத்தாக வந்தது. அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்க்கச் சொன்னே? ஒண்ணும் இல்லையே அங்க?"

ஊசியைக் காட்டினேன். விரலைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"நாளெல்லாம் இல்ல."

"பின்ன? மாசமா, வருஷமா?"

"முதல்ல நுனி மட்டும்தான் மரத்துப்போச்சு. குளிர் காலத்துல வெள்ளையாப் போகும், அப்புறம் சரியாயிடும். அப்புறம் சரியாகல. மெஷின் அதிர்வுல வர்றதுதான். நிறைய பேருக்கு இருக்கு."

"டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதுதானே, மனுஷா?"

"காட்டினா எழுதிக் கொடுத்துடுவார். கம்பெனிக்காரன் மெஷினைப் பிடுங்கிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவான். மெஷினை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, "இந்த சூப்பர்வைசர் வேலை மட்டும் கிடைச்சா யாருக்கும் தெரிய வேண்டியதே இல்ல" என்றார்.

நான் பிளக்கைப் பார்த்தேன். "இதையும் நீங்கதானே போட்டீங்க?"

"ஆமா. இறுகினதும், இதோட போதும்னு கையில ஒரு நிப்பு தெரியும். அது வரும் வரும்னு திருகிக்கிட்டே இருந்தேன். வரவே இல்ல. விட்டுப்போயிடக் கூடாதேன்னு இன்னும் கொஞ்சம் திருகினேன்."

பாட்டில்கள், தைலம், குழாயின் தலை, ஜிப் வைத்த சட்டைகள் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. அழுகை வரவேண்டிய இடம் அது. வரவில்லை. யாரோ ஒருவருக்கு நடந்ததை யாரோ சொல்லிக் கேட்பதுபோல நின்றேன். விரல்களுக்கு மருந்து வைத்து, தைக்கிற துணியிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்துக் கட்டினேன். அவர் மறுபடி ராட்செட்டை எடுக்கக் குனிந்தார்.

"தள்ளுங்க" என்றேன்.

"நீயா? இதெல்லாம் உனக்கு..."

"நூல் எங்க அறும், எங்க தாங்கும்னு தினமும் பார்க்கிறவ நான். உங்க கை என்ன சொல்லுதுன்னு உங்களுக்கே தெரியல, அப்புறம் என்ன வீறாப்பு? தள்ளுங்கன்னா தள்ளுங்க."

தள்ளினார்.

இரண்டாவது குழியில் சாக்கெட்டை இறக்கினேன். ஒரு கையால் மேலே அமுக்கிப் பிடித்து, சாய்ந்துவிடாமல் நேராக வைத்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடியை இழுக்க வேண்டும். அவர் பக்கத்தில் நின்று வாயால் வேலை செய்தார்.

"மெதுவா. என்ன பண்ணுது?"

"அசையவே மாட்டேங்குது."

"இன்னும் கொஞ்சம். இப்ப?"

"லேசா... நெறநெறன்னு மணல் அரைக்கிற மாதிரி."

"அதான்! விட்டுக்கொடுக்குது. அப்படியே இழுத்துடாதே. அரைச் சுத்து வந்ததும் மறுபடி முன்னாடி இறுக்கு. எண்ணெய் விடு. திரும்பவும் இழு."

முன்னுக்கும் பின்னுக்குமாகக் கொஞ்சிக் கொஞ்சி எடுத்தேன். வந்தது. மூன்றாவதும் அப்படியே. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. "என்ன பண்ணுது, என்ன சொல்லுது" என்று நொடிக்கு நொடி கேட்டார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாலாவது மசியவில்லை. இழுத்தால் கொஞ்சம் வந்தது, விட்டால் தானாகவே பழைய இடத்துக்குப் போனது.

"ஸ்பிரிங் மாதிரி திரும்பி வருது" என்றேன்.

"விடு! விடு! கையை எடு!" வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார். "மரை அசையல, பிளக் முறுக்குது. இன்னும் இழுத்தா ஒடிஞ்சுடும்."

அவர் முகம் வெளுத்திருந்தது. நான் செய்த அதே இழுப்பை அவர் செய்திருந்தால் அந்த முறுக்கு அவருக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பேருக்கும் அது புரிந்தது. குழி நிறைய எண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று பானெட்டைச் சாத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கேட்காமலே உதவிக்கு வருகிற என் கொழுந்தனார் வந்து சேர்ந்தார். தோளில் ஒரு இரும்புப் பைப். மெக்கானிக் மூலம் விஷயம் போயிருக்கிறது.

"அண்ணே, இந்தப் பைப்பை ராட்செட்ல சொருகி ஒரே இழு. துருப்பிடிச்ச ஆணி கூட வந்துடும்."

"வரும். பாதி வரும்" என்றேன் நான். "மீதிப் பாதியை எடுக்க நீங்களா உள்ளே இறங்குவீங்க?"

"என்ன அண்ணி, ஸ்பேனரை நீங்க வச்சிருக்கீங்க? அண்ணன் கைக்கு என்ன? டமாரம் அடிக்கிற கை, மலையைப் பொளக்கிற கை! நீ இழுண்ணே."

அவர் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பைப்பைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். வாங்கிவிடுவார் என்றே பயந்தேன். தம்பி முன்னால் வாயைத் திறப்பதைவிட வண்டியை உடைத்துக்கொள்வது அவருக்கு எளிது.

"கை நசுங்கிடுச்சு அவருக்கு. அதோட இந்த வண்டியை நான் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றேன். "எனக்கே எல்லாம் தெரியணும்னு நான்தான் அடம்பிடிச்சு ஸ்பேனரை வாங்கினேன். நீங்க அந்தப் பைப்பைக் கொண்டுபோய் கொடி கட்டி உங்க வேட்டியைக் காயப்போடுங்க."

"உனக்கு வாய்ச்சது அப்படிண்ணே" என்று சிரித்துக்கொண்டே கொழுந்தனார் போனார். வாசல் கேட் சாத்தும் வரை இவர் அசையவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.

"இன்ஜின் கொஞ்சம் சூடானா இளகும்" என்றார். மற்ற மூன்று குழிகளிலும் வாங்கி வைத்திருந்த புதுப் பிளக்குகளைப் போட்டுவிட்டு, நாலாவதில் பழசோடேயே கொஞ்ச நேரம் ஓடவிடலாம் என்பது அவர் யோசனை. புதுசைப் போடுவதற்கும் ஒரு முறை இருந்தது. ஒரு துண்டு ரப்பர் டியூபில் பிளக்கின் தலையைச் சொருகி, டியூபை விரலால் சுழற்ற வேண்டும். மரை சரியாகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும், கோணலாகப் போனால் டியூப்தான் சுற்றும். விரலுக்கு அடங்கும்வரை விரல், கடைசியில் மட்டும் ராட்செட். அவர் சொன்ன நிப்பு எனக்குக் கையில் வந்தது. அதற்குமேல் கொஞ்சம்தான் திருகினேன். நின்றுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். மூன்று தடவையும் "நிச்சயமா?" என்று கேட்டார்.

வண்டி உதறிக்கொண்டே ஓடியது. கை பொறுக்கிற சூடு வந்ததும், நான்தான் தொட்டுப் பார்த்துச் சொன்னேன், நிறுத்தினார். சாக்கெட்டை இறக்கினேன். நாளைக் காலை கேட் திறக்கிற வேலை, மெஷினை விட்டொழிக்கிற வேலை, எல்லாம் என் மணிக்கட்டில் இருந்தது.  அவர் குழிமேல் குனிந்து நின்றார்.

இழுத்தேன். ஸ்பிரிங் போலவே இருந்தது. விட்டேன். எண்ணெய். முன்பக்கம் ஒரு நூலிழை இறுக்கினேன், பிறகு இழுத்தேன். மறுபடி ஸ்பிரிங். மறுபடி எண்ணெய். எவ்வளவு நேரம் இப்படிப் போனது என்று தெரியாது. முதுகு விட்டுப்போனது. அப்புறம் ஒரு தடவை, இழுத்த இடத்திலேயே அது நின்றது. திரும்பிப் போகவில்லை.

"நின்னுடுச்சு" என்றேன். "திரும்பி வரல."

"இன்னும் கொஞ்சம்."

"மணல்... மணல் அரைக்குதுங்க!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கரி பிடித்த அந்தச் சனியன் முழுசாக என் கைக்கு வந்தபோது அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரை ஒண்ணும் உரியல" என்றார். நான் புதுசைப் போட்டேன். சாவியைத் திருகினார். வண்டி உதறாமல், திக்காமல், ஒரே சீராக ஓடியது. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கை கழுவப் போனேன்.

"ஒரு சுத்து போய்ப் பார்த்துட்டு வரலாம், ஏறு" என்றார்.

ஏறினேன். கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார். கை கியரின்மேல்தான் இருக்கிறதா என்று கண்ணால் சரிபார்க்கிறார். எத்தனை தடவை இதே சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், ஒரு நாளும் நான் அதைப் பார்க்கவில்லை. ஊர் முடிகிற இடத்தில் வண்டிகள் திரும்புகிற வெட்டவெளி இருக்கிறது. அங்கே நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டே காது கொடுத்துக் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டி நிறுத்தினார்.

நான் கேட்டுவிட்டேன். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாய் கேட்டது.

"போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்களே, தள்ளுவண்டியில வச்சு உள்ளே கொண்டுபோறப்போ உங்க கையைப் பிடிச்சு அழுத்தினேன். தெரிஞ்சுதா?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"பார்த்தேன்" என்றார். "நீ அழுத்தறதைப் பார்த்தேன்."

"நீங்க அழுத்தலையே. கையை இழுத்துக்கிட்டீங்களே."

அதுதான் என் ஒரு வருடம். அந்தக் கதவு சாத்தியபோது, செத்தாலும் இந்த மனிதருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் நான் மயக்கத்துக்குப் போனேன். பிழைத்து வந்து, திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.

"அதுக்கு முந்தின வாரம்தான் குழாய் என் கையில வந்தது" என்றார். "எவ்வளவு அழுத்தறேன்னு எனக்கே தெரியல. உன் கை அன்னைக்கு அவ்வளவு மெலிசா இருந்துச்சு, ஊசி வேற குத்தியிருந்தாங்க. ஒடிச்சிடுவேனோன்னு பயந்துட்டேன். அதான் எடுத்துட்டேன்."

வெளியே ஒரு லாரி வளைந்து திரும்பிப் போனது.  இரண்டு நாளாக வராத அழுகை எனக்கு இப்போது வந்தது. கட்டுப் போட்ட அவர் கை தொடைமேல் கிடந்தது. அதை விட்டுவிட்டு மற்றக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். காய்ந்த மரக்கட்டை மாதிரி இருந்தது. ஆனால் சூடாக இருந்தது.

"இப்ப அழுத்துங்க" என்றேன். "வலிச்சா நான் சொல்றேன்."

அவர் குனிந்து இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே அழுத்தினார். நன்றாகவே வலித்தது. நான் சொல்லவில்லை.